சாட்சிக் கையெழுத்து

கூட்டாண்மை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண் வினா. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்கு வணிகச் சட்டம் நடத்துகிறேன். பதினேழு வருடம் இந்தக் கேள்விக்கான பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதில் உள்ள ‘உறவு’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்துவந்தேன். தொழில் செய்யச் சேர்ந்தவர்களுக்கு இடையே உள்ள உறவுதான் கூட்டாண்மை என்று சட்டம் சொல்கிறது. கடையை, சரக்கை, பணத்தை அது கூட்டாண்மை என்று சொல்லவில்லை. இந்தப் புத்தகத்திலேயே ஈரமுள்ள ஒரே சொல் இதுதான் என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கடைசி இரண்டு வருடங்களாக அந்தக் கோட்டை நான் இழுப்பதில்லை. பதிலை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். என் அண்ணனும் அவர் நண்பரும் சேர்ந்து துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு வலைக் கடை வைத்திருந்தார்கள். நாங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். நண்பர் பக்கத்து மீனவ கிராமத்துக்காரர், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவர். இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கடையில் நைலான் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். அண்ணன் சரக்கு எடுக்க வெளியூர் போவார். நண்பர் படகுக்காரர்களைப் பார்க்க ஊர் ஊராகப் போவார். அப்படியானால் கடையில் இருந்தது யார்? என் அண்ணி.

வாசலை ஒட்டி ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. காலை எட்டரைக்கு அதில் உட்கார்ந்தால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். யாராவது ஒரு கிழிந்த வலைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அண்ணி வலையின் கண்ணிக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துப் பார்ப்பார். ‘இது நாப்பத்திரண்டு. நீங்க நாப்பதுன்னு கேக்குறீங்க. நாப்பது போட்டா சின்ன நண்டெல்லாம் மாட்டிகிட்டு வல நாசமாயிடும்’ என்பார். பிறகு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கிள்ளையிலிருந்து இறால் வலைக்கு வருகிறவர்கள்கூட ‘அக்கா கடை எங்க?’ என்றுதான் பஸ் நிறுத்தத்தில் விசாரிப்பார்கள். கடையின் போர்டில் இருந்தது இரண்டு ஆண்களின் பெயர். அந்தப் போர்டை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் சில வருடங்கள் எழுத்து என்று எதுவும் இல்லாமலே கடை ஓடியது. வங்கியில் கடையின் பெயரில் கணக்குத் திறக்கப் போனபோதுதான் கூட்டாண்மைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அப்போது நான் கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வருடம். வக்கீலிடம் எதற்குப் போக வேண்டும், வீட்டிலேயே சட்டம் படித்தது ஒன்று இருக்கிறதே என்று அண்ணன் என்னிடம் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிக்கொடுப்பதையே நிஜமாக எழுதப்போகிறேன்! இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். தொழிலின் பெயர், இடம், இலாபத்தில் சரிபாதி, நட்டத்தில் சரிபாதி, ஒருவர் செய்தது இருவரையும் கட்டும் என்று எல்லாம் எழுதினேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

இரண்டாவது ஞாயிறு அண்ணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டார்.

‘பாப்பா, அதுல என் பேரும் வருமா?’

வீட்டில் எனக்கு இன்றைக்கும் பாப்பா என்றுதான் பெயர்.

‘எதுக்கு அண்ணி? அண்ணன் பேரு இருந்தா நீங்க இருக்குற மாதிரிதான்’ என்றேன்.

‘இல்ல, சும்மா கேட்டேன்.’

சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ‘அவ பேரு எதுக்கு? அவதான் தெனம் அங்கயே குந்தியிருக்காளே’ என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். பழியை அண்ணன் மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பத்தாவதோடு நின்றவர், நான் படித்தவள். உண்மையான காரணம் என்னுடையது. மூன்றாவது பெயர் வந்தால் சரிபாதி போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர், அவர் பக்கம் ஒருவர் என்றால் நண்பர் என்ன நினைப்பாரோ என்று அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்பட்டேன். ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்க்க அண்ணியின் பதினான்கு வருடத்தைக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் மனசு உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் பெரிய கேடாக முடிந்தது. பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் பக்கத்து டீக்கடைக்காரர். இன்னொருவராக அண்ணியைப் போட்டேன். ‘பாருங்க அண்ணி, உங்க பேரும் இதுல வருது’ என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி மறப்பது?

கையெழுத்துப் போடும் நாளில் எல்லோரும் குகைபோலக் கட்டிய மாதா கெபிக்குப் போனோம். எங்கள் பக்கம் புதிய காரியம் எதுவானாலும் தாளை மாதா காலடியில் வைத்துத்தான் ஆரம்பிப்போம். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்துக் கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்தார். இரண்டு சாமியும் பார்த்துக்கொள்ளும் என்று சிரித்தார். அங்கேயே சிமெண்டு திட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அண்ணி. எட்டாவது வரை படித்தவர். கணவர் பெயரையும் சேர்த்து முழுப் பெயராக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினார். நாங்கள் நான்கு பேரும் காத்திருந்தோம். பிறகு நோட்டரியிடம் போய் முத்திரை வாங்கினோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தது அண்ணிதான். வெள்ளம் வந்த வருடம் அவர் முதலில் எடுத்துத் தலைக்குமேல் பிடித்தது அந்த உறையைத்தான்.

பாடத்தில் ‘உறங்கும் கூட்டாளி’ என்று ஒருவர் உண்டு. பணம் போடுவார், கடைப்பக்கம் வரமாட்டார். ‘பெயரளவுக் கூட்டாளி’ என்று இன்னொருவர். பணமும் போடமாட்டார், வேலையும் செய்யமாட்டார், பெயரை மட்டும் கொடுப்பார். தூங்குகிறவருக்கும் சும்மா இருப்பவருக்கும் சொல் வைத்த பாடப்புத்தகத்தில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கடையைத் தாங்குகிற பெண்ணுக்கு ஒரு சொல் இல்லை. இதை வகுப்பில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. அப்போது எனக்கே தோன்றவில்லை.

அண்ணன் இறந்தது ஒரு புதன்கிழமை. சரக்கு இறக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நண்பர்தான். கல்லறையில் முதல் பிடி மண்ணை அண்ணியின் ஒரே மகள் போட்டாள். அடுத்த பிடியை நண்பர் போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். முப்பதாம் நாள் பூசைக்கு முன்வரிசையில் இருந்தார். இதையெல்லாம் எழுதுவது, அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

முப்பது முடிந்த மறுவாரம் அண்ணி கடைக்குக் கிளம்பினார். எட்டரைக்குப் போனார், ஒன்பதுக்குத் திரும்பிவிட்டார். நாற்காலியில் நண்பரின் மகன் உட்கார்ந்திருந்தானாம். கல்யாணமான பிள்ளை, வெளிநாட்டு வேலையை விட்டு வந்தவன். எழுந்து மரியாதையாக, ‘அத்த, நீங்க எதுக்கு அலையிறீங்க, வீட்ல ரெஸ்ட் எடுங்க’ என்றானாம். நான்கு நாள் தொடர்ந்து போனார். நான்கு நாளும் அதே பதில். ஐந்தாம் நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதை எனக்குத்தான் படிக்கக் கொடுத்தார். இரண்டே கூட்டாளிகள் உள்ள நிறுவனம் ஒருவரின் மறைவால் கலைந்துவிட்டது, இறந்தவரின் பங்கு வாரிசுகளுக்குத் தீர்க்கப்படும், தாங்கள் மேற்படி நிறுவனத்தில் எந்தக் காலத்திலும் கூட்டாளி அல்ல, இனி கடைக்குள் வர உரிமை இல்லை. நான் நடத்துகிற பாடம் வரிசை மாறாமல் தபாலில் வந்திருந்தது. மூன்றாவதாக ஒரு பெயர் இருந்து, ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று ஒரு வரியும் இருந்திருந்தால் கடை கலைந்திருக்காது. பரீட்சையில் இதைக் கேட்டால் ஐந்து மதிப்பெண். நான் எழுதிய பத்திரத்தில் அந்தப் பெயரும் இல்லை, அந்த வரியும் இல்லை.

‘என்னா போட்டிருக்கான் பாப்பா?’ என்றார் அண்ணி.

‘அண்ணன் பங்கு உங்களுக்கு வருமாம்.’

‘பங்கு கெடக்கட்டும். நான் கடைக்குப் போலாமா, கூடாதா?’

அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். நான் நோட்டீஸை மடித்தேன்.

சிதம்பரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வக்கீலாக இருக்கிறாள். கீழ வீதியில் மாடியில் சின்ன ஆபீஸ். ஒரு சனிக்கிழமை அண்ணியை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி நல்ல புடவை கட்டி, பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு, ‘ஆடிக்கு நண்டு வல கேட்டு வருவாங்க. அந்தப் பையனுக்குக் கண்ணி பாக்கத் தெரியாது’ என்றார்.

மாணவி எங்களை நன்றாகத்தான் கவனித்தாள். காபி வரவழைத்தாள். அண்ணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். யார் விலை சொல்வது? நான். யாரைக் கேட்டுச் சரக்கு எடுப்பது? என்னை. ஊரில் யார் கடை என்பார்கள்? அக்கா கடை. அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

‘மேடம், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. கூட்டாளியா இல்லையான்னு பத்திரத்த மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, உண்மையான உறவு என்னான்னு பாக்கணும்னு. இவுங்க நடத்தையாலயே கூட்டாளின்னு வாதாடலாம். கிராமத்திலேந்து நாலு பேரு வந்து சொன்னாப் போதும்.’

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடம் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் நடத்திய பாடமே எங்களைக் காப்பாற்றப்போகிறது என்றுகூட நினைத்தேன்.

‘ஒரிஜினல் குடுங்க, பாத்துடுறேன்’ என்றாள் மாணவி.

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். மூலையில் மஞ்சள் பழுப்பாகியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணி எட்டிப் பார்த்து, அவளுக்கு உதவி செய்வதுபோல, ‘அது என் கையெழுத்துதாம்மா. நானே போட்டது’ என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாணவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

‘அம்மா, இது சாட்சியா போட்டது. இந்த ரெண்டு பேரு மட்டுந்தான் கூட்டாளின்னு எழுதினப்ப நீங்களும் கூடவே இருந்திருக்கீங்க. கூட்டாளியா இருந்தா ஏன் சாட்சியா கையெழுத்து போட்டீங்கன்னு முதல் கேள்வியே அதத்தான் கேப்பாங்க. நீங்க என்னா சொல்லுவீங்க?’

அண்ணி மெதுவாகச் சொன்னார். ‘என் பேரு அதுல வருதேன்னு போட்டேன்.’

மாணவி பத்திரத்தை மூடி அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தாள். சாட்சி என்பவர் கையெழுத்தைப் பார்த்தவர்தான், உள்ளே எழுதியதற்கெல்லாம் ஒப்புக்கொண்டவர் ஆகிவிடமாட்டார், வழக்குப் போட்டால் முழுக்கத் தோற்றுவிடும் என்று சொல்ல முடியாது என்று மாணவி பிறகு விளக்கினாள். ஆனால் எட்டு வருடம், பத்து வருடம் ஆகலாம் என்றாள். அதுவரை நாற்காலியில் அந்தப் பிள்ளைதான் இருப்பான். ஃபீஸ் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கடைசி முயற்சியாக நான் மட்டும் கடைக்குப் போனேன். நண்பர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து வெளியில் நின்றார். மெலிந்துபோயிருந்தார்.

‘நோட்டீஸ்ல என்னா எழுதுனான்னு சத்தியமா எனக்குத் தெரியாது பாப்பா. எம் பையன்தான் வக்கீல வெச்சான். மச்சான் பங்குல ஒரு பைசா கொறையாது, மாதா மேல ஆண’ என்றார்.

‘பங்கு வேணாம்ணே. அண்ணி வழக்கம்போல வந்து ஒக்காரட்டும். அவ்ளோதான் கேக்குறாங்க.’

தலையைச் சொறிந்தார். உள்ளே மகன் விலை சொல்லிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்தார். ‘வரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? சம்பளம் போட்டுத் தர்றேன். ஜாஸ்தியாவே தர்றேன்’ என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். கண்கூட கலங்கியிருந்தது. அவர் கன்னத்தில் அறையலாம் போல எனக்கு வந்தது. அறைந்திருந்தால் என்னைத்தான் முதலில் அறைந்துகொள்ள வேண்டும்.

அண்ணியிடம் அதை அப்படியே சொன்னேன். ‘சம்பளமா?’ என்று ஒரு தடவை கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், ‘எழுதிக் குடுத்துடலாம் பாப்பா’ என்றார்.

அண்ணன் பங்குப் பணத்தைப் பெற்றுக்கொண்டதற்கு விடுதலைப் பத்திரம் தயாரானது. கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து முதலில் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கெபிக்குப் போகவில்லை, மஞ்சளும் இல்லை. பத்திரம் எழுதுபவரின் மேசை முன்னால் ஸ்டூல் போட்டு அண்ணியை உட்காரவைத்தார்கள். பேனாவை வாங்கியவர், தாளின் அடிப்பக்கம் போய்ச் சாட்சிக்கு விட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

‘அங்க இல்லம்மா, மேல. நீங்கதான் எழுதிக் குடுக்குற பார்ட்டி’ என்றார் எழுதுபவர்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘நானா?’

‘ஆமா அண்ணி. உங்க எடம் அதுதான்.’

கடையைப் பற்றிய ஒரு தாளில் அவருக்கு உரிய இடம் கிடைத்தது அன்றைக்குத்தான், கடையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற தாளில். அதே மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நான் பார்க்க மாட்டாமல் வெளியில் போய் நின்றேன். நண்பர் அங்கே வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார்.

இப்போது அண்ணி வீட்டில்தான் இருக்கிறார். துறைமுகத்துப் பக்கம் போவதில்லை. மார்க்கெட்டுக்குக்கூடச் சுற்றுவழியில் போகிறார். போன ஆடியில் கிள்ளைக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் கிழிந்த துண்டோடு. கடையில் தப்பான அளவு கொடுத்துவிட்டார்களாம். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு விரலை விட்டு விரித்துப் பார்த்தார். அளவைச் சொன்னார். ‘கடையிலயே போய்க் கேளுங்க’ என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தார். வந்தவர் போன பிறகும் விரலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான் திங்கள்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம் போகிறேன். பாடம் நடத்துகிறேன். கூட்டாளி இறந்தால் என்னவாகும் என்று கேள்வி கேட்கிறேன். யாராவது எழுந்து சரியாகப் பதில் சொன்னால் ‘குட்’ என்கிறேன்.

அண்ணி ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்குப் போலவே தலையைத் தூக்கவில்லை.

‘எழுது. ஆனா என் பேர மட்டும் போடாத பாப்பா’ என்றார். ‘ஒரு தடவ போட்டியே, அது போதும்.’